பிசிறு வெட்டிய வீடியோக்கள்

எத்தியோப்பியாவில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது ஆம்பூரில் சாயங்காலம் தொடங்கியிருக்கும். நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையின் மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு முதலில் போனைத்தான் எடுப்பேன். சாம்பார் ஆறினால் ஆறட்டும். என் மகளின் வீடியோ வந்திருக்கும்.

அரை நிமிஷம்கூட ஓடாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். என் மனைவியின் கை மட்டும் படம் போட்ட அட்டை ஒன்றை நீட்டும். "வாட் இஸ் திஸ்?" "பஸ்." "விச் கலர்?" "ரெட்." அவ்வளவுதான், டக்கென்று முடிந்துவிடும். மறுநாள் மஞ்சள் பஸ். அட ஆண்டவா, ஒரு தகப்பன் எத்தனை பஸ்ஸைத்தான் பார்ப்பான்? அவள் வாயால் 'அப்பா' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்றிருக்கும். கிடைத்த பஸ்ஸையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைவேன்.

நான் இங்கே வருவதற்கு முன்பு, மூன்று வயது தாண்டியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எது வேண்டுமானாலும் நம் கையைப் பிடித்து அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். வீட்டில் நாங்கள் தமிழ். கீழ்வீட்டு ஓனரம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு உருதுவில் கொஞ்சுவார். எதிர்வீட்டில் தெலுங்கு. "இத்தினி பாஷை காதுல வுழுந்தா கொழந்த இன்னாதான் பண்ணும்? ஒரே பாஷையா பேசுங்கடா. அதையும் இங்கிலீஷா பேசிடுங்க, ஸ்கூலுக்கு ஆவும்" என்றாள் என் அக்கா. அது எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்.கே.ஜி.க்கே பிள்ளையை எதிரில் நிறுத்தி இங்கிலீஷில் கேள்வி கேட்கிற காலம்.

வேலூரில் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் ஒருவரிடம் போனோம். அவர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் பேரணாம்பட்டிலிருந்து வந்த உருது பேசும் அம்மா ஒருவர், குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் ஒருவர், பிறகு நாங்கள். பேசிப் பார்த்தால் மூன்று வீட்டுக்கும் ஒரே கோரிக்கை. இங்கிலீஷ். எங்கள் முறை வந்ததும் நானும் அதையே சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்ல பாப்பாவ எந்தப் பாஷையில கொஞ்சறீங்க?"

"தமிழ்ல தான் மேடம். ஆனா இனிமே நிறுத்திடறோம்."

"ஐயய்யோ, அத நிறுத்தாதீங்க சார்" என்றார். எந்தப் பாஷையில் பேசினாலும் பேச்சு பேச்சுதான், ஒன்று வந்தால் மற்றதும் பின்னாலேயே வரும் என்று பொறுமையாக விளக்கினார். நாங்கள் கேட்டோமா? தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இங்கிலீஷ் என்றோம். கடைசியில் அட்டைகளைக் கொடுத்து, வீட்டில் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க வேண்டும், தினமும் சின்னதாக ஒரு வீடியோ அனுப்புங்கள் என்றார். அடுத்த மாதம் நான் கான்ட்ராக்டில் கிளம்பிவிட்டேன். மேடத்துக்குப் போகும் வீடியோவே எனக்கும் வரத் தொடங்கியது.

வீடியோ காலில் பிடிக்கலாம் என்றால், போனைக் கண்டாலே பாடம் என்று நினைத்து "பஸ்" என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு ஓடிப்போவாள். "பேச்சு வருதுங்க, கொஞ்சம் கொஞ்சமா வருது" என்பாள் மனைவி. சிவப்பும் மஞ்சளும்தான் அந்தக் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷம் திரும்பி லீவில் வந்தேன். மகள் என்னைக் கண்டதும் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். சாக்லெட்டை மட்டும் கை நீட்டி வாங்கினாள். அன்று முழுக்க என் எதிரில் வாயே திறக்கவில்லை. பரவாயில்லை, பழகட்டும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அழுகை முட்டியது.

மறுநாள் சாயங்காலம் மனைவி போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து அட்டையை எடுத்தாள். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பஸ், ரெட், எல்லாம் ஆயிற்று. மகள் எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாக்குப் போச்சாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஒரு தெளிவு! முழுசாக ஒரு கேள்வி!

மனைவி சிரித்தாள். "அப்பா இங்க தானடி கீறாரு."

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. போனைத் தொட்டுக் காட்டி மறுபடியும், "அப்பாக்கு?" என்றாள். அவளுக்கு அப்பா என்றால் அந்தப் பக்கம், வீடியோ போய்ச் சேருகிற இடத்தில் இருக்கிறவர். பாயில் உட்கார்ந்திருந்த மீசைக்காரன் யாரோ.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"எது, அப்பாக்குப் போச்சான்றதா? அது தெனம் கேப்பாளே. இன்னா இன்னாவோ பேசுவா. தமிழ்ல வர்றதால அத மட்டும் வெட்டிட்டு அனுப்புவேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தவள். சரக்கு வாங்கும் பையர் கண்ணில் படுவதற்குள் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுவதுதான் வேலை. பிசிறோடு போனால் மொத்தப் பெட்டியும் ரிட்டர்ன். அதே கையால்தான் மகளின் தமிழையும் நறுக்கியிருக்கிறாள். தினம் தினம் என்னைத் தேடி வந்த கேள்வி, என் வரைக்கும் வராமல் ஆம்பூரிலேயே உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முழுசா இங்கிலீஷ்ல பேச வெச்சு உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்டிய துண்டுகள் இருக்கிறதா என்று அவள் போனைக் குடைந்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த வாரமே வேலூருக்குப் போய் மேடத்திடம் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்காகத்தானே நான் வீடியோவே கேட்டேன்! இந்தப் பொண்ணு தானா ஒரு வார்த்த கேக்க மாட்டாளான்னு நான் தவிச்சிக்கினு இருக்கேன், நீங்க அத வெட்டிட்டு பஸ்ஸ அனுப்பறீங்களே!" திட்டி முடித்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார். எதையும் வெட்டாதீர்கள், உளறினாலும் அப்படியே அனுப்புங்கள் என்றார்.

லீவு தீர்வதற்குள் மகள் என்னோடு கடைக்கு வரப் பழகினாள், தோளில் ஏறினாள். ஆனால் என்னை அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. "இந்தா" என்பாள். கெஞ்சிப் பார்த்தேன், குரங்கு சேஷ்டையெல்லாம் செய்து பார்த்தேன், ம்ஹூம். எத்தியோப்பியா திரும்பும் விமானத்தில் அந்த "இந்தா"வை நினைத்துக்கொண்டே வந்தேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மெஸ்ஸில் உட்கார்ந்து வீடியோவைத் திறந்தேன். அட்டையே இல்லை. ஓனரம்மா வீட்டுப் பூனை குட்டி போட்டதை மகள் மூச்சுவிடாமல் சொன்னாள், பாதி புரியவில்லை. முடித்துவிட்டு, "அப்பாக்குப் போச்சாம்மா?" என்றாள்.

"போவும்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"நீயே கேளு."

மகள் நேராகப் போனிடம் வந்தாள். முகம் பெரிதாகிப் பெரிதாகி, பிறகு காதை அப்படியே ஒட்டிவைத்தாள். திரை இருண்டுவிட்டது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. மனைவி வெட்டவில்லை, ஓட விட்டிருந்தாள். முன்பே பதிவான வெறும் வீடியோதான், நான் பேசுவது அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் மெஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க போனை வாயருகில் கொண்டுபோய், "பூன எத்தினி குட்டி போட்டுச்சு கண்ணு?" என்று கேட்டேன். அவள் காதை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.