துப்பாக்கிக்கு முன்னால் வந்த பெட்டி

என் தங்கை பிரமிளாவின் புருஷன் லோகேஸ்வரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் அவனுக்குச் சின்னதாக ஒரு நகைக்கடை. கோயில் கமிட்டியில் பெயர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் கை. ஊருக்குத் தங்கமான மனுஷன். வீட்டுக்குள் அதே கை என் தங்கையின் கன்னத்தில் விழும்.

போன வருஷம் அவன் கடைக்குள் இரண்டு பேர் பாராங் கத்தியோடு நுழைந்தார்கள். இந்த வீரன் கல்லாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். வியாபாரத்துக்கு நிற்கிற காமினிதான் கையில் வெட்டு வாங்கிக்கொண்டு அலாரத்தை அழுத்தி அவர்களை ஓட வைத்தாள். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு தாங்காமல்தான் லோகா கைத்துப்பாக்கிக்கு மனுப் போட்டான்.

நம் நாட்டில் துப்பாக்கி என்ன கத்தரிக்காயா, பசாருக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர? விசாரணை வேண்டும், மேலிடத்துக்குப் போய் வர வேண்டும். மாதங்கள் ஓடின, பதில் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அங்கே அதிகாரிகளிடம் பல்லை இளித்து "ஓகே துவான், ஓகே துவான்" என்று குழைந்துவிட்டு வருவான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"ஒன் மூஞ்சில முழிச்சிட்டுப் போனா எவன் லைசென்ஸ் குடுப்பான்?"

எங்கள் அம்மா வீட்டு விருந்தில் பிரமிளா ஏதோ குறுக்கே பேசிவிட்டாள். இவன் இரண்டு விரலை நீட்டி அவள் நெற்றியில் வைத்தான். "லைசென்ஸ் வரட்டும்லா, அப்புறம் வாயத் தொறந்து பாரு." பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"மாப்ள, அந்த வெரல எடுங்க," என்றேன்.

"சும்மா ஜோக்குலா, ஜெகதீஸ்வரி அக்கா."

"என் தங்கச்சி நெத்தி ஒங்களுக்கு ஜோக்கா?"

விரலை எடுத்தான். அவள் நெற்றியில் பொட்டு அழிந்திருந்தது. துப்பாக்கி வந்தால் இவளை உயிரோடு பார்க்க முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே அவளைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு, என் வீட்டுக்கே, கூட்டிப்போகக் காடியை ஓட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் அவளுடைய ஐசியை, அடையாள அட்டையை, காணோம். பாஸ்போர்ட்டும் இல்லை. ஐசி இல்லாமல் இங்கே எவன் வேலை கொடுப்பான்? "தொலச்சிட்டு என்னையக் கேக்குறியா?" என்று லோகா கத்தினான். புதிதாக எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதற்குக் கதவைப் பூட்டினான். பயந்துபோய் அங்கேயே இருந்துவிட்டாள்.

இதற்குள் வராத துப்பாக்கிக்கு இரும்புப் பெட்டி வாங்கிவிட்டான் மகராசன். படுக்கையறைச் சுவரில், பிரமிளா தலைவைக்கிற பக்கம் பார்த்து முடுக்கி வைத்தான். சரஸ்வதி பூசையன்று கடைத் தராசுக்குப் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்கு வந்து, அந்தப் பூட்டிய பெட்டிக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டான். இல்லாத துப்பாக்கிக்கு ஆயுத பூசை. பெண்டாட்டியைக் கும்பிடச் சொன்னான். அவளும் கும்பிட்டாள்.

பூசை முடிந்து சில நாளில், நான் அங்கே இருந்தபோதே, ஹக்கீம் என்ற போலீஸ் அதிகாரி வந்தார். துப்பாக்கியை எங்கே வைக்கப் போகிறான் என்று பார்க்க வேண்டுமாம். லோகாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. காப்பி கலக்கச் சொல்லி எங்களை விரட்டினான்.

ஹக்கீம் பிரமிளாவிடம் மலாயில் கேட்டார், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று. லோகா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இல்லை, துவான்," என்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். என் விரலைப் பிடித்து நெரித்தாள்.

பிறகு ஹக்கீம் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"காலிப் பெட்டிதான், துவான்," என்றான் லோகா. சாவி எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"பார்க்காமல் எழுத முடியாது. வேண்டுமானால் இன்னொரு நாள் வருகிறேன். எப்போது என்று சொல்ல முடியாது."

அவ்வளவுதான். இன்னும் காத்திருப்பதா? அதை அவனால் தாங்க முடியவில்லை. திறந்துவிட்டான்.

உள்ளே பிரமிளாவின் ஐசி இருந்தது. அதன் கீழே பாஸ்போர்ட், பேங்க் கார்டு. சந்தன வாசனை குப்பென்று அடித்தது. ஹக்கீம் ஐசியை எடுத்துப் படத்தையும் என் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்திரமாக இருக்கட்டும் என்றுதான், துவான்," என்றான் லோகா. முகத்தில் ஈயாடவில்லை.

ஹக்கீம் அவனை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். ஐசியைப் பிரமிளாவின் கையில் கொடுத்துவிட்டு, முதலில் கேட்டதையே மறுபடி கேட்டார்.

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். நான்கூடப் பார்த்திராத காயங்கள் இருந்தன.

"உண்டு, துவான்," என்றாள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். மாக் மண்டினில் நான் வேலை பார்க்கிற பேக்டரியிலேயே அவளுக்கும் வேலை. லோகாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள், அவன் மேல் கேஸ் நடக்கிறது. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுகிறானாம், அந்த லைசென்ஸை மட்டும் காலத்தோடு கொடுத்திருந்தால் என் குடும்பம் உடைந்திருக்காது என்று.

காலத்தோடு கொடுத்திருந்தால் நான் என் தங்கைக்குக் கருமாதி செய்திருப்பேன்.