பால்கனித் துண்டுகள்

எங்கள் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஹவுஸ்ஃபுல்’ என்றால் போதும், கடற்கரை லாட்ஜ்காரர் என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். பட்டப்பெயர் வைத்ததே நான்தான். என் டீக்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம், அதை ஒட்டி அவருடைய மாடி லாட்ஜ். என் வாயும் சும்மா இருக்காது.

வெயில் மாதங்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் போன பிறகுதான் இந்த ஊர் அழகு. காற்று அடிக்கிற நாட்களில் மணல் தெருவரை வந்துவிடும். மழையில் கடலும் வானமும் ஒரே நிறம். பனிக்காலக் காலையில் கரையில் நம் காலடி மட்டும்தான். அதையெல்லாம் பார்க்கத்தான் ஆள் வருவதில்லை.

அந்த வெறிச்சோடல் ஹவுஸ்ஃபுல்லுக்கு ஆகாது. லாட்ஜ் காலி என்று தெரிந்தால் வருகிற ஒன்றிரண்டு பேரும் வேறு இடம் பார்ப்பார்களாம். அதனால் எல்லா பால்கனியிலும் துண்டுகளைத் தொங்கவிட்டிருப்பார். வெளியூரில் இருந்த அக்காவிடம் போனிலும் அதே பாட்டுதான்: “வருஷம் பூரா கூட்டம்க்கா. மூச்சுவிட நேரமில்ல.” அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிகாலையில் கடையைத் திறந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா, நனைந்த சேலையோடு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“முதல் பஸ் எப்பப்பா வரும்?”

அச்சு அசல் ஹவுஸ்ஃபுல்லின் மூக்கு. கேட்டேன், அக்காவேதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நேத்து கடைசி பஸ்ல வந்தேன். மாடியெல்லாம் துண்டு தொங்குச்சு. நான் போனா அவன் படுக்கையை எனக்குக் குடுத்துட்டுத் தரையில படுப்பான். எதுக்குத் தொந்தரவுன்னு ராத்திரி இங்கயே உக்காந்துட்டேன். நீ சொல்லிடாத.”

நானா சொல்லாமல் இருப்பேன்? ஓடிப்போய் எழுப்பினேன். வெறுங்காலோடு வந்தார்.

“கதவத் தட்டியிருக்கலாமேக்கா!” என்றவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஒரு ரூம் காலியாச்சு” என்றார். அப்போதும் புளுகு! பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அறையில் பூட்டிக் கிடந்த வாடை. போர்வையின் மடிப்பு கலையவில்லை. அக்கா நேரே பால்கனிக்குப் போய்த் துண்டை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

“மழையில யாருடா துண்டு காயப்போடுவாங்க?”

அவர் ஜன்னலைத் திறக்கப் போனார்.

“மழை வலுத்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு கதவுகூடத் திறக்கல, ஒருத்தரும் துண்ட எடுக்க வரல. அப்பவே புரிஞ்சிடுச்சு.”

“புரிஞ்ச பிறகாவது வந்திருக்கலாமேக்கா…”

“வந்திருந்தா நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவத் திறந்திருப்ப?”

அவமானத்தில் அவர் கூனிக் குறுகிப் போனார். அக்காவின் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டார். அடுத்த அறைத் துண்டை எடுக்க அக்கா போனார். நான் கீழே பார்த்தபடி படியிறங்கினேன்.

இந்த மழைக்கு அந்த பால்கனிகளில் ஒன்றும் தொங்கவில்லை. அவர் டீ குடிக்க வரும்போது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு கூசுகிறது.