பனியில் வைத்த ரோல்ஸ்

என் மகள் கட்டப்போகிற ஜெர்மன் பெடியனின் தாய் தகப்பன் தெற்கே, மலைக்குள், ஒரு ஸ்கீ கிராமத்தில் இருக்கிறார்கள். போன தை மாதம் என்னை முதன்முதலாக அழைத்தார்கள். அந்தப் பக்கத்து வைன்களையும் ஊர்ச் சாப்பாட்டையும் எனக்குச் சுவைக்கத் தரப்போகிறார்களாம். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நான் இருக்கிற டோர்ட்மண்டில் முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று நல்ல உறைப்பாக மட்டன் ரோல்ஸ் பொரித்து, மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

பனியில் ஸ்கீ சறுக்கவென்று முன்னதாகவே அங்கே போயிருந்த மகள் ஸ்டேஷனுக்கு வந்தாள். பாத்திரத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

“ஏனம்மா இதெல்லாம்?”

“அப்ப கையை வீசிக்கொண்டே வாறது?”



சம்பந்தியம்மா மூடியைத் திறந்து, உடனே மூடினார். “மணம் பலமாக இருக்கிறது, வைனைக் கெடுத்துவிடும்” என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே பல்கனிக் கதவைத் திறந்து பாத்திரத்தைப் பனியின்மேல் வைத்தார். என்னை மட்டும் உள்ளே இருத்தினார்கள்.

பிறகு மேசைக்கு வந்தது சீஸ். வாசலில் ஹீட்டரோரம் காய்ந்த ஸ்கீ சப்பாத்துகளின் வாடைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது மட்டும் வைனைக் கெடுக்காதாம். சம்பந்தி ஒவ்வொரு போத்தலாகத் திறந்தார். இது கீழே ஏரிக்கரையில் விளைந்தது, ஆப்பிள் தெரிகிறதா, நனைந்த கல் தெரிகிறதா என்று கேட்டார். கல்லை நக்கிப் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்தது புளிப்பு மட்டும்தான். “நல்லாயிருக்கிறது” என்றேன். மூன்றாவது கிளாஸுக்கும் அதையே சொன்னேன்.

புகையில் காயவைத்த பன்றியிறைச்சியைச் சீவி எல்லோர் தட்டிலும் வைத்துக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார்: “நல்லவேளை, உங்கள் மகள் உறைப்பு சாப்பிடுவதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று இங்கே வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.”

நான் மகளைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அடுப்படிக்குள் நுழைந்து, சுடச்சுட ரோல்ஸை ஊதி ஊதித் தின்று, மூக்கு ஒழுக இன்னொன்று கேட்ட பிள்ளை. ‘சும்மா சொன்னேன், எனக்கு அது விருப்பம்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கல்லையும் ஆப்பிளையும் பன்றியையும் எல்லாம் மன்னித்திருப்பேன். காத்திருந்தேன். அவள் இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்துப் பாண் துண்டின்மேல் வைத்தாள்.

வெளிக்கிடும்போது பாத்திரத்தைத் திருப்பித் தந்தார்கள். வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போடுவோம். இவர்களும் வெறுமையாகத் தரவில்லை. நான் அடுக்கின ரோல்ஸ் அடுக்குக் குலையாமல் அப்படியே இருந்தது.

ஸ்டேஷனில் பெடியன் காருக்குள் இருந்தான். ரயில் வந்து நின்றதும் மகள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, ரெண்டு ரோல்ஸ் தாங்கோ. இங்கையே நிண்டு சாப்பிட்டிட்டுப் போறன்.”

“ஏன், கொண்டுபோய் அவையளுக்கு முன்னாலை சாப்பிடன்.”

“அது ஏலாதம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்த நாள் தொட்டு ‘நீ’ என்றே கூப்பிட்ட பிள்ளையிடம், பிறத்தியாரோடு பேசுகிற மரியாதையோடு சொன்னேன்:

“உங்களுக்கு உறைப்பு ஒத்துவராதெல்லோ. நீங்கள் போங்கோ. அவையள் பாத்துக்கொண்டிருப்பினம்.”

ஏறி, ஜன்னலோரம் இருந்து, பாத்திரத்தை மடியில் வைத்தேன். கதவு மூடியது. அவள் போகாமல் வெளியே நின்றாள். சாப்பிடுவதற்காக வலக்கைக் கையுறையை முன்னமே கழற்றி வைத்திருந்தாள்.