ரகுவின் பேஸ் தெளிவாகக் கேட்ட நாள்

பென்னலூர் மெர்சிக்கு ஒரகடத்தில் வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. லீவு நாட்களில் இராமச்சந்திரன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவுக்கு ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் பார்ப்பாள். 2002 மே தினக் கச்சேரியை அவள் கேசட்டில் பதிந்தபோது அடிச்சத்தம் முழுக்கக் குழம்பிப்போனது. டிரம்ஸ் எது, பேஸ் கிடார் எது என்று தெரியாமல் ஒரே 'கும்'மென்ற இரைச்சல். பாடிய காந்திமதியின் குரல் அதில் மூழ்கிக் கிடந்தது.

"லைன்ல ஒயர் சொருகுற பொண்ணு கையில மிக்ஸர குடுத்தா இப்டித்தான் மாஸ்டர்," என்றான் பேஸ் வாசிக்கும் ரகு, அத்தனை பேர் முன்னால். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்ததுதான் அவளுக்கு ஆறவேயில்லை. அதன்பிறகு மிக்ஸர் குழுவிலிருந்த கன்னியப்பன் கைக்குப் போய்விட்டது.

மெர்சி அழவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கேசட்டை வாக்மேனில் போட்டுக் கேட்டாள். மாதக்கணக்கில் கேட்டதில் விஷயம் பிடிபட்டது. காலிப் பீப்பாய்கள் மேல் பலகை போட்ட மேடை அது. அதில் வைத்த பேஸ் ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, மேடையையே அதிர வைத்திருக்கிறது. அந்த அதிர்வை எல்லா மைக்கும் வாங்கியிருக்கிறது. இன்னொன்றும் காதில் விழுந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் ரகு இடத்துக்கு இடம் தப்பு சுரம் வாசித்துக்கொண்டிருந்தான்.

மறுவருஷ மே தினத்துக்கு முதல் நாள் கன்னியப்பனுக்கு அம்மை போட்டது. மாஸ்டரே வீடு தேடி வந்து கூப்பிட்டார். மெர்சி மறுநாள் மதியமே மேடைக்குப் போய்விட்டாள். ஆம்பை இறக்கித் தரையில் செங்கல் மேல் வைத்து, சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். கிடாரிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒரு ஒயர் இழுத்தாள். பெரிய டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணித்தாள். பாடுகிறவர்களின் மைக்குகளில் அடிச்சத்தத்தை வெட்டிவிட்டாள்.

"இன்னா மெர்சி, என் சத்தம் எனக்கே கேக்கல?" என்றான் ரகு.

"கேக்கும்ணா. எல்லாருக்கும் கேக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை அறையில், அன்றைய கச்சேரியை மெர்சி பதிந்த கேசட்டைப் போட்டார்கள். காந்திமதியின் குரல் பளிச்சென்று வந்ததும் மாஸ்டர் முகம் மலர்ந்தது. இரண்டாவது பாட்டில், சரணம் தொடங்கும் இடத்தில், பேஸ் பிந்தி வந்து தப்பு சுரத்தில் உட்கார்ந்தது. நாலாவது பாட்டிலும் அப்படியே. மாஸ்டர் ரீவைண்ட் செய்து மறுபடி போட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரகு அவள் பக்கம் குனிந்தான். "கேசட்ட காப்பி எடுக்கும்போது பேஸ ஏத்தி கும்முனு வுட்டுடேன் மெர்சி. ஒண்ணும் தெரியாது."

"காப்பிலாம் எடுத்தாச்சுண்ணா. காலைல உங்க வூட்லயும் ஒண்ணு குடுத்தேன். அண்ணி கேட்டுக்கினு கீறாங்க."

தீபாவளிக்குள் ரகு குழுவை விட்டுப் போய்விட்டான்.

"அவன்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே," என்று மாஸ்டர் குறைப்பட்டுக்கொண்டார்.

"போன வருஷம் என்னை மட்டும் தனியா கூப்ட்டா சொன்னீங்க மாஸ்டர்?"

அவர் பேச்சை மாற்றினார். சிங்கப்பெருமாள் கோவில் வரை தேடியும் பேஸ் வாசிக்க வேறு ஆள் அமையவில்லை. பொங்கல் கச்சேரி பேஸ் இல்லாமலே நடந்தது. பாட்டெல்லாம் சப்பென்று இருந்தது. மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த மெர்சிக்கு அது கொஞ்சமும் உறுத்தவில்லை.