லண்டாக் மலையின் மறுபாதி

குணபூசணியின் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். பெண் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை. டீச்சர் பயிற்சிக்கு விண்ணப்ப பாரம் வாங்கப் போன குணபூசணி, அந்த வரிசை தெருமுனை வரை நீண்டிருந்ததைப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் நாலே பேர்தான். அதில் நின்று, வரைபடம் வரையும் பயிற்சிக்கான பாரத்தோடு வீடு திரும்பினாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நல்ல ஸ்கேலும் காம்பஸும் வாங்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

இருபது வயதில் தஞ்சோங் ராமின் என்ற ஊரின் நகராண்மைக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வரைபடப் பிரிவில் ஆண்கள் பதினொரு பேர், இவள் ஒருத்தி. முதல் வருடம் முழுக்க அவளுக்குக் கொடுத்தது சாக்கடைப் படங்கள்தான். அவள் சலிக்கவில்லை. ஒவ்வொரு சாக்கடையையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் வரைந்தாள். சில வருடங்களில், எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும் என்பதை எஞ்சினியரே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வேலையை விடச் சொல்லி நின்றுபோனது. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

1989-இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த வருடம்தான் சிவப்பு அட்டை போட்ட அறிக்கை ஒன்று ஆபீசுக்கு வந்தது.

ஒரு கம்பெனி லண்டாக் மலையில் சரளைக்கல் எடுக்க அனுமதி கேட்டிருந்தது. மலையை வெடிவைத்துப் பெயர்த்து, அரைத்து, கழுவி, லோரியில் ஏற்றி அனுப்புவார்கள். கோலாலம்பூரில் கட்டடமும் நெடுஞ்சாலையுமாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். கல்லுக்கு அத்தனை கிராக்கி. இப்படிப்பட்ட வேலைக்கு முன்னால் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற விதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நகராண்மைக் கழகம் அதைப் படித்துத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் மாட்டுவதற்குப் பெரிய வரைபடம் போடும் வேலை குணபூசணிக்கு வந்தது.

அறிக்கையில் ஒரு வரி அவளை நிறுத்தியது. 'உங்கள் எல்லைக்குள் மிக அருகிலுள்ள குடியிருப்பு மூன்றரை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.' படத்தைப் பார்த்தாள். குழி வரப்போகும் இடம் தஞ்சோங் ராமினின் எல்லைக்கோட்டை ஒட்டியிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மரம், மேடு, ஓடை எல்லாம் இருந்தன. அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

எஞ்சினியர் கனகலிங்கத்திடம் போனாள். அவர் ஆபீஸ் விஷயத்தை இங்கிலீஷில் பேசுவார். பொறுமை போனால் வீட்டுத் தமிழுக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழுக்கு வந்துவிடுவார். அவளுக்கும் வீட்டுத் தமிழ் அதுதான்.

"கோட்டுக்கு அங்கால என்ன இருக்குது, சேர்?"

"அது பாயா லிந்தா ஏரியா. Not our jurisdiction."

"அங்க வீடுகள் இருக்குமே?"

"இருந்தா அவை பாக்கட்டும். நீர் வெள்ளையா விடும், பூசணி!"

பாயா லிந்தா பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்ன ஆறு. ஏழு வருடத்துக்கு முன் அந்த ஆற்றில் ஒரு செத்த எருமை மிதந்து வந்து பாலத்தடியில் சிக்கிக்கொண்டது. அதை அப்புறப்படுத்த வேண்டியது யார் என்று இரண்டு நகராண்மைக் கழகங்களும் கடிதம் எழுதிச் சண்டை போட்டன. அடுத்த பெருமழையில் எருமை போய்விட்டது, சண்டை போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆபீசுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

குணபூசணிக்கு நிறைய லீவு சேர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் அரைநாள் லீவு எழுதிக்கொடுத்து, தன் படத்தை டிரேசிங் தாளில் பிரதி எடுத்துச் சுருட்டிக்கொண்டு, பாயா லிந்தா பஸ் ஏறினாள்.

அங்கே கவுண்டரில் இருந்தவன் முத்துக்கருப்பன். முப்பத்தைந்து வயதிருக்கும். வட்டித்தொழில் செய்த செட்டியார் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் நில அளவை படித்து வந்தவன். எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினான்.

"தஞ்சோங் ராமினா? அக்கா, இந்தப் பேர இங்க சத்தமா சொல்லாதீங்க லா. எருமை கேஸ் ஃபைல் இன்னும் எங்க பாஸ் மேசையிலதான் இருக்கு."

"எருமைக்கு வரேல்ல தம்பி. மலைக்கு வந்தனான்."

அவள் தாளை விரித்தாள். முத்துக்கருப்பன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய் நீல அட்டை போட்ட அறிக்கையைக் கொண்டுவந்தான். அதே கம்பெனி, அதே மலை. இவர்களுக்குத் தனியாக வேறொரு அறிக்கை! அதில் பாயா லிந்தாவின் வீடு, ஓடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஆனால் குழி இல்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்ளை. 'உங்கள் எல்லைக்குள் வெடிவைப்பு எதுவும் நடைபெறாது. லோரிகள் மட்டும் இரண்டு கிலோமீட்டர் சாலையைப் பயன்படுத்தும்' என்று போட்டிருந்தது.

"பொய் ஒண்டும் எழுதேல்லப் பாருங்கோ," என்றாள் குணபூசணி. "பாதி பாதியா உண்மை எழுதியிருக்கினம்."

"எங்க பாஸ் ஓகே போட ரெடியா இருக்காரு, அக்கா."

இரண்டு படத்தையும் ஒட்டிப் பார்த்தால் போதும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஒட்டவில்லை. தஞ்சோங் ராமின் படங்கள் புதிய மீட்டர் கணக்கில் போட்டவை. பாயா லிந்தாவின் படங்களோ வெள்ளைக்காரன் காலத்து அளவு, ஓர் அங்குலத்துக்கு எட்டுச் சங்கிலி, சங்கிலிக்கு அறுபத்தாறு அடி. அவள் பக்கத்து ஓடை விரல் அகலம் இருந்தால், அவன் பக்கத்தில் அதே ஓடை நூல்போல இருந்தது. புதிதாக ஒரே படமாக வரைந்தால்தான் ஆகும்.

ஆபீஸ் படத்தை வெளியே எடுத்துப்போக முடியாது. ஆனால் பொதுமக்கள் யாரும் கவுண்டரில் நின்று பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆகவே குணபூசணி பொதுமக்களில் ஒருத்தியானாள். ஆறு அரைநாள் லீவு. கவுண்டரில் நாற்காலி போடக் கூடாது என்பது விதி. இரண்டாம் நாள் முத்துக்கருப்பன் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, "இது நாற்காலி இல்லக்கா," என்றான்.

பழைய படத்தை அப்படியே நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அளவைச் சங்கிலியோடு லண்டாக் மலையடிவாரத்துக்குப் போனார்கள். அங்கே தாமான் மெலூர் என்றொரு குடியிருப்பு. படத்தில் நூற்று ஐம்பது வீடு. நேரில் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே போனபோது ஒரு வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஹலோ அண்ணே, என்னா எண்ணிக்கிட்டே போறீங்க? எலெக்‌ஷனா?"

தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தவள் இந்திரா. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். குவாரி விஷயம் அவளுக்கோ அந்தத் தாமானில் வேறு யாருக்குமோ தெரியாது. கேட்டதும் மெஷினை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். எந்த ஓடைத் தண்ணீர் எந்தக் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறது, மழைக்கு எங்கே கரை உடையும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எந்த வளைவில் ரோட்டைக் கடப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். லோரி வரப்போகிற ரோடு பள்ளி கேட்டை உரசிக்கொண்டு போனது. சங்கிலியின் மறுமுனையையும் அவளே பிடித்தாள்.

சதுப்பைக் கடக்கும்போது முத்துக்கருப்பன் திடீரென்று ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தான். காலுறைக்குள் ரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டை.

"ஊர் பேரே பாயா லிந்தா," என்றாள் இந்திரா. "மலாய்ல அட்டைச் சதுப்பு. தெரியாதா? கவர்மெண்டு ஆளுங்க யாராச்சும் ஷூவுக்குள்ள உப்பு போடாம வருவாங்களா?"

குணபூசணி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அவளுடைய காலில் இரண்டு இருந்தது வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது.

அளந்த கணக்கு இதுதான்: குழியின் விளிம்பிலிருந்து முதல் வீட்டுக்கு நானூற்று எண்பது மீட்டர்.

படம் முடிகிற நேரத்தில் விஷயம் கனகலிங்கத்தின் காதுக்குப் போய்விட்டது. அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இங்கிலீஷ் வரவில்லை.

"ஆரைக் கேட்டு அங்க போனனீர்? கோப்பில இருக்கிற படத்தை வெளி ஆபீசுக்குக் காட்டினது பிழையெண்டு தெரியாதோ? இருபத்திரண்டு வருஷ சேவை, பென்ஷன், ஒண்டையும் யோசிக்கேல்லையா?"

யோசித்திருந்தாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைத்தான் யோசித்தாள். படத்தை அவர் மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் அவருடைய பேப்பர் வெயிட்டுகளையே வைத்தாள்.

கனகலிங்கம் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். சிவப்பு வட்டம் குழி. அதை ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. அவர் விரல் லோரி ரோட்டில் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன?"

"பள்ளிக்கூடம், சேர். நூற்றி எண்பது பிள்ளைகள்."

கனகலிங்கம் டெலிபோனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாயா லிந்தா எஞ்சினியரின் நம்பர் அந்த ஆபீசிலேயே யாரிடமும் கிடையாது. குணபூசணி நம்பரைச் சொன்னாள். அவர் அவளை முறைத்துக்கொண்டே சுழற்றினார்.

அந்தப் பேச்சைப் பற்றி அவள் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் கடிதத்தைப் படிப்பது போலவே பேசினார்களாம். 'தங்கள் கவனத்துக்கு', 'தயைகூர்ந்து' எல்லாம் வந்ததாம். பத்தாம் நிமிடம் கனகலிங்கம், "எருமையை விடுங்கோ, மிஸ்டர்!" என்று கத்தினார். அப்புறம்தான் காரியம் நடந்தது. இரண்டு நகராண்மைக் கழகங்களும் ஒரே தாளில் இரண்டு முத்திரை குத்திச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதின: இரண்டு அறிக்கை வேண்டாம், மலை ஒன்று, ஆய்வும் ஒன்றாக இருக்கட்டும்.

கூட்டுக் கூட்டம் அந்தத் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலேயே நடந்தது. யார் வலப்பக்கம் உட்காருவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. தாமான் ஆட்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். சுவரில் குணபூசணியின் படம். கம்பெனி அழைத்து வந்த நிபுணர் எழுந்து, நாகரிகமாகத்தான் கேட்டார்: "இது இரண்டு வேறு அளவுப் படங்களிலிருந்து ஒட்டியது. இதை எப்படி நம்புவது? வரைந்தது யார்?"

கனகலிங்கம் திரும்பிப் பார்த்தார். குணபூசணிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான். ஒட்டவில்லை, புதிதாக வரைந்தேன். ஐந்து இடங்களில் தரையில் அளந்து சரிபார்த்தோம். படத்துக்கும் தரைக்கும் அதிகபட்ச வித்தியாசம் ஆறு மீட்டர். உங்கள் அறிக்கையின் வித்தியாசம் மூவாயிரம் மீட்டர்."

"சங்கிலிய நான்தான் புடிச்சேன்!" என்று பின்வரிசையிலிருந்து இந்திரா கத்தினாள். மண்டபம் சிரித்து அடங்கச் சற்று நேரமாயிற்று. நிபுணரும் சிரித்துவிட்டார். அவரே கூட்டம் முடிந்ததும் படத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிப் போனார்.

விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. கம்பெனி பத்து மாதம் கழித்து ஒரே அறிக்கையோடு மறுபடி வந்தது. இம்முறை குழி மலையின் வடக்குச் சரிவுக்குப் போயிருந்தது, அளவும் பாதியாகியிருந்தது. கழுவிய தண்ணீர் மூன்று குளங்களில் தெளிந்த பிறகே ஓடையில் விழ வேண்டும். பள்ளி நேரத்தில் வெடி கூடாது. தூசி அடங்கக் குவாரி ரோட்டுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். லோரி ரோடு மட்டும் சிக்கலாக இருந்தது. பாயா லிந்தா வழியாக வரக் கூடாது என்றால், தஞ்சோங் ராமினின் தொழிற்பேட்டை ரோட்டில்தான் வந்தாக வேண்டும். பக்கத்து ஊருக்காக நாம் ஏன் தூசி தின்ன வேண்டும் என்று கவுன்சிலர்கள் குதித்தார்கள். அந்த ரோட்டில் வீடு ஒன்றும் இல்லை என்று கனகலிங்கம் படத்தைக் காட்டிக் காட்டி வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தார். வாதாடிய இரண்டு நாளும் அவர் குணபூசணியைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவளுக்கு ஆபீசிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. கோப்பிலுள்ள படத்தை அனுமதியில்லாமல் வெளியே காட்டியதற்கு விளக்கம் கேட்டு ஒன்று. இரண்டு ஊர்களின் கூட்டு மேற்பார்வைக் குழுவில் அவளை உறுப்பினராக நியமித்து இன்னொன்று. இரண்டிலும் கனகலிங்கத்தின் கையெழுத்து.

"எதுக்கு முதல்ல பதில் எழுதட்டும், சேர்?"

"ரெண்டுக்கும் எழுதும். விதியெண்டா விதிதான்."

எழுதினாள். எச்சரிக்கையோடு முதல் விஷயம் முடிந்தது. குழு வேலை ஒன்பது வருடம் ஓடியது. மாதத்தில் ஒரு நாள் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவளும் முத்துக்கருப்பனும் குவாரிக்குப் போய்க் குளத்துத் தண்ணீரைப் பார்த்து, வெடிவைத்த நேரத்தைக் குறித்து, கடைசியில் தாமான் மெலூரில் இந்திரா வீட்டில் டீ குடிப்பார்கள். தூசி முற்றிலும் நின்றுவிடவில்லை. காற்று திரும்பும் மாதங்களில் கொடியில் காயும் துணி சாம்பல் நிறமாகும். அன்று டீ ஆறிப்போகும், இந்திரா திட்டுவாள்.

"ஆறு மீட்டர் கணக்கெல்லாம் சரி. இந்த வெள்ளை சட்டைய நான் எப்படிக்கா கஸ்டமருக்குக் கொடுப்பேன்?"

"குவாரி ரோட்டுக்குத் தண்ணி அடிக்கேல்ல போல. எத்தனை நாளா?"

"மூணு நாளு."

குணபூசணி நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொள்வாள்.