மொய் பாக்கி தீர்த்த எங்கள் அக்கா

நினைவு மலரில் கடன் கதையை எழுதலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "அத எழுதாம வேற என்னத்த எழுதப் போற? அவ படிச்ச பள்ளிக்கூடத்துப் பேரையா?" என்றார். ஆகவே, அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம் சொல்லி, கடனிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் வாசிக்கத் திணறும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டில் அக்காவை "அவ வந்தாளா, சாப்பிட்டாளா" என்றுதான் பேசுவோம். அச்சில் "அவர்" என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் தங்கை நான் அப்படித்தான் எழுதப் போகிறேன். அந்த மரியாதையை அவர் சம்பாதித்து வைத்திருக்கிறார்.

அக்கா பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், இன்றும் அங்கேதான் இருக்கிறார். அம்மா வீட்டில் இருந்தபடி சேலைகளுக்கு ஃபால் தைப்பார். இந்த வருமானத்தில் அக்கா பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். எங்கள் குடும்பத்துக்குள் சம்பளச் சீட்டு என்ற ஒன்றை முதலில் கொண்டுவந்தவர் அவர்தான். வம்பும் அந்தச் சீட்டோடுதான் வந்தது.

டிராம்பேயில் இருக்கும் அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அத்தை மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது, தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய அப்பாவிடம் பணம் இல்லை. "தாய்மாமன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போயி நிக்கவா? ஒனக்குத்தான் பே ஸ்லிப் இருக்குல்லா, பேங்குல குடுப்பான்" என்றார். அக்கா கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார். சங்கிலி, வளையல், பட்டு, பழத்தட்டு என்று சீர் ஊர் மெச்சப் போனது. நானும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு பெருமையாக நடந்தேன்.

தவணை சம்பளத்தில் பாதியைத் தின்றது. மாதத்தைத் தள்ள அக்கா கிரெடிட் கார்டு வாங்கினார். மினிமம் கட்டினால் போதும் என்று ஃபோனில் எவனோ சொன்னதை, கணக்குப் படித்த பெண் நம்பினார். பிறகு கார்டைக் கட்ட மொபைலில் ஒரு கடன் ஆப். ஒரு தவணை தவறியதும் ஆப்காரர்கள் அவருடைய மேனேஜருக்கே ஃபோன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இன்னொரு முறை இப்படி ஃபோன் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் கடன் மட்டும்தான் மிஞ்சும். அன்று வீட்டுக்கு வந்து அக்கா வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு கடனுக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் உட்காரவைத்து, வீட்டுப் பணம் எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுக் கூட்டினார். வாடகை, அரிசி, கேஸ், என் காலேஜ் பீஸ் எல்லாவற்றையும் தாண்டி முதலிடத்தில் நின்றது மொய்யும் சீரும்தான். நம் வீட்டு விசேஷத்துக்கு எழுதியவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும் என்பது நம் ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவணியும் தையும் வந்தால் எங்கள் வீட்டு அடுப்பு யோசித்துத்தான் எரியும். "வாரது மாசாமாசம். போறது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம். எப்படிப்பா கெட்டுப்படியாவும்?" என்றார் அக்கா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வட்டி அதிகமான ஆப் கடன் முதலில், அடுத்து கார்டு, கடைசியில் பேங்கு என்று அக்கா வரிசை வைத்தார். அம்மாவின் கத்தரிக்கோலால் கார்டை வெட்டிப் போட்டார். சம்பளம் வந்த அன்றே தவணைப் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் வீடு நடக்க வேண்டும் என்றார். மதியத்துக்கு டப்பா கட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சந்துக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார். நான் கேட்ட ஜீன்ஸ் தீபாவளிக்குத் தீபாவளி தள்ளிப் போனது. "கஞ்சப் பிசினாறி" என்று கத்துவேன். "கூப்புட்டுக்கோ, அதுக்கு என்ன காசா பணமா?" என்பார்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. வெளியே வெடித்தது மாமா வீட்டுக் கல்யாணத்தில். மாஹிமில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா அம்மாவின் பெரியப்பா மகன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கை நிறைய எழுதியவர். அவர் மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா நேரே கடைக்குப் போனார்.

"மாமா, நீங்க எங்களுக்கு எழுதுனது எனக்குத் தெரியும். இப்பம் கொஞ்சந்தான் எழுத முடியும். மிச்சக் கடன பொறவு கொண்டாந்து தாரேன்" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மொய்யைக் கடன் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்வார்களா? மனத்துக்குள் எல்லாரும் கடனாகத்தான் வைத்திருப்போம், வாயில் அன்பளிப்பு என்போம். "நான் ஒங்களுக்கு வட்டிக்கா விட்டேன்? கடன்ங்கியே, நீ படிச்சவதானா?" என்று மாமா கடையில் ஆட்கள் இருக்கும்போதே சத்தம் போட்டார்.

கல்யாண மண்டபத்தில் மொய்யை மைக்கில் வாசித்தார்கள். அப்பாவின் பெயருக்குப் பின்னால் வந்த சின்னத் தொகையைக் கேட்டு, பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கை நனைக்காமல் எழுந்து போனார். அம்மாவும் பின்னாலேயே போனார். அக்கா மட்டும் இலை முன்னால் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். "எழுதுனது நம்ம சொந்தப் பணம்ட்டி. சாப்புடாம போனாத்தான் தப்பு" என்று, எழப்போன என்னையும் பிடித்து உட்காரவைத்தார்.

அதிலிருந்து அப்பா பல மாதம் அக்காவோடு பேசவில்லை. ஒரே அறைக்குள் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு பாடு என்று தாராவிக்காரர்களுக்குத் தெரியும். "அவளக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு" என்பதைக்கூட அப்பா அம்மா வழியாகத்தான் சொல்லுவார்.

விஷயம் டிராம்பேக்கு எட்டியது. தன் மகள் சீரினால்தான் இத்தனையும் என்று தெரிந்து, அத்தை அந்தச் சங்கிலியையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா அதைத் தொடவில்லை. "சீரத் திருப்பி வாங்குனா எங்க அப்பாவுக்கு என்ன மரியாத அத்த? எங்கப்பா செஞ்சது செஞ்சதுதான். பணம் என் பாடு" என்றார். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரண்டு காபி வாங்கி வந்து, ஒன்றை அக்கா கையில் அவரே கொடுத்தார்.

ஆப் தீர்ந்தது. கார்டு தீர்ந்தது. அதற்கு அடுத்த சம்பளத்தில் அக்கா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் கவரும் வைத்துக்கொண்டு மாஹிமுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார்.

"கல்யாணம் முடிஞ்சு, பேரப்புள்ளையும் பொறந்தாச்சு. இப்ப என்ன விசேஷம்னு இத எழுத?"

"கடன் தீருத விசேஷம்னு எழுதுங்க மாமா."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பிடவைக்காமல் எங்களை அனுப்பவில்லை. இப்படியே பாக்கி இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கா தட்டோடு போனார். கடைசியில் பேங்குக் கடனும் தீர்ந்து, பாக்கி இல்லை என்று கடிதம் வந்தது. அப்பா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு யாருக்கும் ஒத்தப் பைசா தர வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் குக்கர் விலையைச் சொன்னார். என் மகள் டாக்டர், இன்ஜினியர் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு இதுதான் பட்டம். எனக்கும்தான்.

அதன் பிறகு அக்கா சேமித்தார். எங்கள் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தார். இனித் தனக்குக் கல்யாணம் பேசலாம் என்று அவரே வாய்திறந்து சொன்னார். அம்மா ஜாதகத்தை வெளியே எடுத்த சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து, ஐசியூ வரைக்கும் கொண்டுபோனது. காப்பீட்டுப் பணம் தீர்ந்ததும், சேமித்ததை எடுத்துக்கொண்டு அப்பா கவுன்ட்டருக்குப் போனார். பாக்கியைக் கட்டியாகிவிட்டது என்றார்கள். யார் கட்டினார்கள் என்று கேட்டால், பெயர் சொல்லக் கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னபோது அவருக்கு நினைவு இருந்தது. "யாருன்னு கேட்டு வைட்டி. நான் வந்து குடுக்கணும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அக்கா போய்விட்டார். அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டுப் போனார். நான் வீடு வீடாகக் கேட்டேன். எல்லாரும் எனக்குத் தெரியாது என்றீர்கள். மாஹிம் மாமா என்னைப் பார்க்காமல் பருப்பு நிறுத்துக்கொண்டே தெரியாது என்றார். பதினாறாம் நாள் விசேஷத்தில் அத்தையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

"ஏட்டி, எல்லாருஞ் சேந்துதான் கெட்டுனோம்" என்று அத்தை அழுதார். "பேரச் சொன்னா கவரத் தூக்கிட்டு வந்து நின்னிருவான்னுதான் சொல்லல. அது அவ கல்யாணத்துக்கு எழுத வச்சிருந்த மொய்யிட்டி. அத எந்த மண்டபத்துல போயி எழுத நாங்க?"

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய அலுவலக நண்பர்களுக்கும், அடுப்பு பற்றவைக்காத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த சந்து வீட்டாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. பெயர் சொல்லாமல் பணம் கட்டிய உங்களுக்கு நன்றி மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. மொய் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் திருப்பிச் செய்வதை நீங்கள் மறுக்க முடியாது. யார் எவ்வளவு என்று தெரியாததால் ஒரு வீட்டையும் விட மாட்டோம். கல்யாணமோ காதுகுத்தோ, எங்களுக்குப் பத்திரிகை வையுங்கள். அம்மாவும் நானும் அப்பாவோடு வருவோம். மொய் எழுதும் இடத்தில் அப்பா தன் பெயரைச் சொல்ல மாட்டார், மகள் பெயரைத்தான் சொல்லுவார்.