கொளப்பாக்கத்துச் சிவப்புக் கிடா

கிடாவின் வயிற்றில் சாக்குத் துணி கட்டியிருந்தது. கொளப்பாக்கத்துப் பட்டியில் நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

நாங்கள் போனது எழுபத்து மூன்றில், பொங்கல் கழிந்த சனிக்கிழமை. தாம்பரம் மலையடியில் எங்களுக்குப் பதினோரு செம்மறிகள். ஏழாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து மேய்ப்பது நான். பக்கத்து வீட்டுக் கம்பளிக் கிடாவுக்குப் பிறந்த ஆறு குட்டிகளும் போன ஐப்பசி மழையில் செத்துப்போயின. நனைந்த கம்பளி காயவே இல்லை. பாறை ஏறத் தெரியாமல் ஈரத்திலேயே நின்றன. அப்பாவுக்குக் கால் முறிவு என்பதால், ஆபீஸ் போகும் சித்தப்பா புதுக் கிடா வாங்கித் தர வந்தார்.

தாம்பரத்தில் காலை 7.40 வண்டி. வண்டலூருக்கு இருபது பைசா. அங்கிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் நடை. செருப்பு அவசியம், வழியெல்லாம் நெருஞ்சி. சித்தப்பா ஆபீஸ் சட்டையோடு வந்து, பாதி வழியிலேயே வருத்தப்பட்டார்.

பட்டிக்காரி கன்னியம்மாளிடம் இரண்டு கிடாக்கள். ஒன்று உயரம், சுருட்டைக் கம்பளி. மற்றது சிவப்பு, நாய்க்கு இருப்பதுபோல் குட்டை மயிர், மெலிந்த கால், கறுத்த குளம்பு. இனப்பெருக்கத்துக்கு வேண்டாத கிடாவுக்குத்தான், பெட்டையோடு சேராதபடி, சாக்கு கட்டுவார்கள். இங்கே கட்டியிருந்தது சிவப்புக்கு. சித்தப்பா காரணம் கேட்டார்.

"அத்த அவுத்து வுட்டா பெரிசுக்கு வேலயே இல்ல சார். மலையில எங்க ஏறினாலும் இதான் முன்னாடி நிக்குது. ஆனா குட்டி சின்னதாக் கீது, கறிக்கடைக்காரரு மொகம் சுளிக்கிறாரு. நாளைக்கு இத்தயே அவரு இட்டுகினு பூடுவாரு."

"அப்ப பெரிசே இருக்கட்டும். கம்பளியையும் வெட்டி வித்துக்கலாம், என்ன?" என்று சித்தப்பா என்னைப் பார்த்தார்.

பெரியதின் தொடைக் கம்பளியில் முள் கொத்தாக ஒட்டியிருந்தது. எங்கள் குட்டிகளுக்கும் முதலில் அங்கேதான் புண் வந்தது. அடுத்த ஐப்பசியும் அப்படித்தான் போகும். "சிவப்பு, சித்தப்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவர் விலை பேசத் தொடங்கிவிட்டார்.

மலை மேய்ச்சலுக்கு ஆடு வாங்கப் போகிறவர்கள் உயரத்தைப் பார்க்காதீர்கள். பாறையில் ஏற்றிப் பாருங்கள். ஆட்டை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். திரும்ப தாம்பரம் வரை ஒன்பது கிலோமீட்டரும் நடைதான், தண்ணீர் எடுத்துப் போங்கள். மனதில் உள்ளதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுவது நல்லது. விலை பேச ஆரம்பித்த பிறகு பெரியவர்கள் காதில் எதுவும் ஏறாது.

நான் பட்டிக்குள் போய், முளையிலிருந்து சிவப்புக் கிடாவின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, வண்டலூர்ப் பாதையில் நடக்கத் தொடங்கினேன்.